கண்டனூரின் அரைப்புள்ளி

1964-ஆம் வருடம் புரட்டாசி மாதம், கண்டனூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு என்ற பதினேழு வயதுப் பெண்ணின் இடது புறங்கைக்கு, புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்துக் கடைசிப் பத்தியிலிருந்த பதின்மூன்று புள்ளிகள் எழுந்து வந்து உட்கார்ந்தன. 'அவள் கண்ணீர் விட்டாள்' என்று இருந்த இடம் 'அவள கணணீர விடடாள' என்று ஆயிற்று. அம்மாக்கண்ணு புறங்கையை முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். அதிலிருந்து மேலும் வந்தன.

மேற்படி வீடு ஒரு செட்டியார் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் பினாங்கிலும் சென்னையிலும் இருந்தார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் மட்டும் வந்து திறப்பார்கள். மற்ற நாட்களில் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுவது அம்மாக்கண்ணுவின் தாய் காளியாயி. அந்த ஆவணியில் தங்கையின் கல்யாணத்துக்கு வந்த இளைய மகன் மெய்யநாதன், கூட்டம் கலைந்த பிறகும் ஐந்து நாள் தங்கினார். ரயிலில் படிக்க வாங்கிய 'பன்னிரு தூண் வீடு' என்ற கதையின் முதல் பாகம் அவரிடம் இருந்தது. ஏழைப் பெண்ணொருத்தி பணக்கார வீட்டுப் பையனை விரும்பி, வாசலில் தொடங்கி, பாகத்துக்கு ஒரு கட்டாக, முற்றம் முற்றமாக அந்த வீட்டுக்குள் போகிற கதை. மொத்தம் ஏழு பாகம் வரும் என்று அட்டையில் போட்டிருந்தது. அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் என்று சத்தமாகப் படித்தார்கள். ஐந்தாம் நாள் அம்மாக்கண்ணு கேட்டுவிட்டாள்.

"இதுல வாரவளை மாதிரி என்னயும் உள்ள கூட்டிக்கிருவீகளா?"

"எனக்கு ஆசைதான். எங்க ஆளுகள்ல புள்ளி இருந்தாத்தான் சேத்துக்குவாக. ஒனக்குப் புள்ளி இல்லையே" என்றார் மெய்யநாதன். புத்தகத்தை அவளிடமே விட்டுவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போனார். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல்.

நகரத்தார் என்கிற அந்தச் செட்டியார்கள் வழக்கில் புள்ளி என்பது கல்யாணமான ஒரு குடும்பம். கோயிலிலிருந்து மாலை வந்து, கணவனும் மனைவியுமாகக் கோயில் ஏட்டில் ஏறினால் ஒரு புள்ளி. துணையை இழந்து தனித்திருப்பவர் அரைப்புள்ளி. வேறு சாதியில் பெண் எடுத்தவருக்குப் புள்ளி கிடையாது. அந்த வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு கொல்லைவழி வந்துபோகிறவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்த புள்ளி, மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி ஒன்றுதான். அது தனக்கு இல்லை என்று ஒரு மாதம் அழுதாள். அதன் பிறகுதான் நாற்பத்திரண்டாம் பக்கம் படித்தாள்.

இரண்டாம் பாகத்தைக் காரைக்குடியில் வாடகைக்குப் புத்தகம் விடும் மீரான் சாகிபிடம் வாங்கினாள். அது திரும்பி வந்தபோது அதில் ஒரு புள்ளிகூட இல்லை. சாகிபு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்புள்ள, கதையைப் படிக்கச் சொன்னா எழுத்தைத் திங்கிறியா?"

அம்மாக்கண்ணு கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை கடுகில் பாதி அளவுப் புள்ளிகள், வரிசை தப்பாமல் இருந்தன. சாகிபு கையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். புள்ளியில்லாத புத்தகங்களைத் தனித் தட்டில் வைத்தார். ஓலையில் புள்ளி குத்தும் வழக்கமில்லாததால், பழைய ஓலை படித்துப் பழகிய நாலைந்து பெரியவர்கள் அவற்றைத் தடங்கலில்லாமல் படித்தார்கள். இதுதான் கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

மூன்றாம் பாகத்தில் புள்ளிகள் தோளைத் தாண்டின. காளியாயி மகளுக்கு அம்மை கண்டுவிட்டது என்று வேப்பிலையில் படுக்கவைத்து, முத்துமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்துகொண்டாள். அம்மை குத்த வந்த சத்தியமூர்த்தி என்ற சுகாதார ஊழியர் ஈரப் பஞ்சால் ஒரு புள்ளியைத் தொட்டு முகர்ந்து பார்த்து, "அம்மை இல்லம்மா, அச்சு மை" என்று சொல்லி, குறிப்பேட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். காளையார்கோவிலிலிருந்து இருளாண்டி என்ற மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்து முடித்த மாப்பிள்ளையின் தாய், "புள்ளிமானு வளக்க எங்ககிட்டக் காடு இல்ல ஆத்தா" என்று எழுந்துவிட்டாள். அம்மாக்கண்ணு அதற்கு வருத்தப்படவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று 1968-க்குள் பாகங்கள் வந்தன. பாதம் முதல் கழுத்து வரை நிறைந்துவிட்டது. முகம் மட்டும் பாக்கி.

ஏழாம் பாகம் வரவில்லை.

வேறு கதைகளைப் படித்துப் பார்த்தாள், தினத்தாளைப் படித்தாள், ரேஷன் கார்டைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்தாள். எந்தப் புள்ளியும் இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தக் கதையின் புள்ளிதான் வரும் என்று தெரிந்துபோயிற்று. சென்னையிலிருந்த பதிப்பகத்துக்கு மாதம் ஒரு தபால் போட்டாள். 'கதாசிரியருக்கு உடல்நலமில்லை' என்று ஒரே ஒரு பதில் வந்தது. 1969 முழுவதும் அந்தக் கதாசிரியரின் உடம்புக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். 1970-இல் சோறு இறங்காமல் இளைத்தாள். உடம்பு சுருங்கச் சுருங்கப் புள்ளிகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பினாங்கிலிருந்து ஒரு வரி இல்லை.

"அந்தப் பொம்பள உள்ள போனா ஒனக்கென்னடி, போகாட்டி ஒனக்கென்ன?" என்று காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவ போயிட்டா நானும் போயிருவேன்ம்மா."

1971 தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. மெய்யநாதனுக்குக் கல்யாணம், பெண் அதே ஊரில் கீழத்தெரு. காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். வீடு நிறைந்து, மேளம் வந்து, கோயில் மாலையும் வந்துவிட்டது. விடிந்தும் விடியாத நேரத்தில் காரைக்குடியிலிருந்து சைக்கிளை மிதித்து வந்த மீரான் சாகிபு, கொல்லைக் கதவைத் தட்டி, மூச்சு வாங்க ஒரு புத்தகத்தை நீட்டினார்.

"இந்தா புள்ள, ஏழு. நேத்துத்தான் மதுரையிலேருந்து பார்சல் வந்துச்சு. மாப்பிள்ளை கெளம்புறதுக்குள்ள முடிச்சுரு."

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அம்மாக்கண்ணு இரண்டாங்கட்டுப் பாத்திர அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் படித்தாள். புள்ளிகள் தாடையில் ஏறி, கன்னத்தில் ஏறி, இமை மீதும் காது மடலிலும் உட்கார்ந்தன. நெற்றி நடுவில் மட்டும் ஒரு பொட்டளவு இடம் மீதி. கடைசிப் பக்கத்தில் கதாநாயகி கடைசிக் கட்டின் நிலைவாசலில் கால் வைத்தாள். அத்துடன் புத்தகம் முடிந்தது. அச்சுக் கோத்தவரின் தவறோ என்னவோ, அந்த வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை, அரைப்புள்ளி போட்டிருந்தது. அதுவும் காகிதத்தைவிட்டு எழவில்லை. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை நிறுத்த வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு நிறுத்தினாள்.

சமையல்காரர்கள் பேசியதைக் கேள்விப்பட்டு, பட்டு வேட்டியோடு யாருக்கும் தெரியாமல் மெய்யநாதன் இரண்டாங்கட்டுக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கு, பாத்துக்கங்க. ஒரு எடம் பாக்கியில்ல, நெத்தி தவிர" என்றாள் அம்மாக்கண்ணு. "ஒங்களப் பெத்த ஆச்சிகிட்டச் சொல்லுங்க. எண்ணிக்கிறச் சொல்லுங்க."

"நான் சொன்ன புள்ளி இது இல்லத்தா." மெய்யநாதன் முகப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கல்யாணமான குடும்பத்தைப் புள்ளின்னு சொல்றது எங்க வழக்கம். அது பொறப்புல வரணும். படிச்சு வாராது."

"இத அன்னைக்கே ஒரு வார்த்தை வெளங்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒனக்கு வெளங்கிருச்சுன்னு நெனச்சேன்."

முகப்பிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போனார். மேளம் தெருவில் இறங்கியபோது அம்மாக்கண்ணுவின் மேலிருந்த புள்ளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கடுகு கொட்டியதுபோலச் சத்தம் கேட்டதாகச் சமையல்காரர்கள் சொன்னார்கள். காளியாயி அவற்றைக் கல்யாணப் பூவோடும் அட்சதையோடும் சேர்த்துப் பெருக்கி அள்ளினாள், இரண்டு கூடை. அதன் பிறகுதான் கடைசிப் பக்கத்தில் இருந்த அரைப்புள்ளி எழுந்தது. நேரே வந்து, அவள் நெற்றியில் மிச்சமிருந்த இடத்தில், பொட்டாக ஒன்றும் அதன்கீழ் வால் வளைந்து ஒன்றுமாக உட்கார்ந்தது. அது உதிரவில்லை.

அந்தப் பங்குனியில் கோயிலிலிருந்து கண்டனூர்ப் புள்ளிகளை எண்ண வந்தவர்களுக்கு இருநூற்றுப் பதினொன்று வர வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பதினொன்றரை வந்தது. திரும்ப எண்ணினார்கள். அதே அரை. விட்டுப்போன விதவை யார், மனைவியை இழந்தவர் யார் என்று தெருத்தெருவாக விசாரித்தார்கள். அப்படி ஒருவரும் இல்லை. மறுவருடமும் அதற்கு அடுத்த வருடமும் புள்ளிகள் கூடின, குறைந்தன. அரை மட்டும் அப்படியே நின்றது. 1974-இல் எண்ண வந்த பெரியவர் தண்ணீர் கேட்டு மேற்படி வீட்டின் கொல்லைப்பக்கம் போனார். செம்பை நீட்டியவளின் நெற்றியைப் பார்த்தார். தண்ணீரைக் குடித்து முடித்தார். வெளியே வந்து, ஏட்டை வைத்திருந்தவரிடம், "இருந்துட்டுப் போகுது, அரைதானே. எழுதிக்கங்க" என்றார்.

ஏட்டில் ஏறிய செய்தியைச் சொல்ல அவரே கொல்லைவழி திரும்பி வந்தார். அம்மாக்கண்ணு பெருக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"மத்த அரை எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அது ஒன் வீட்டுக்காரர் வந்தாத்தான் ஆத்தா."

சரி என்று தலையாட்டினாள். அந்த வருடம் முதல் கண்டனூரின் கணக்கு அரையோடுதான் எழுதப்படுகிறது. கூட்டிப் பார்க்கிறவர்கள் அதைத் தவறென்று அடிப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கோயிலிலிருந்து அந்த வீட்டின் கொல்லைப்பக்கத்துக்குப் பாதி நீளத்தில் ஒரு மாலை வருகிறது. அம்மாக்கண்ணு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறாள். அம்மாக்கண்ணு என்று எழுதும்போது மூன்று மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளி வைக்க மறப்பதில்லை.