பழையதில் ஒரே ஒரு பெயர்

...பழையதற்குள் யாருமில்லை என்று இவள் எந்த வாயால் சொன்னாள், அதுவும் மேலாளருக்கு மெயிலில், இனி மெல்லவும் முடியாது விழுங்கவும் முடியாது. மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்குப் பழைய பதிப்பை நிறுத்தவேண்டும். ஒரே சர்வர், அதற்குள் ஒண்டுக்குடித்தனம் மாதிரி மூன்று தரவுத்தளங்கள், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, சோதனைக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் எண். எல்லாரையும் புதியதற்கு மாற்றியாயிற்று, மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தையும் சேர்த்து, என்று சீனியர் அண்ணன் அடித்துச் சொன்னார். இவளும் காலையில் பார்த்தாள், பழையதற்குள் யார் யார்? இரண்டு வரி, இரண்டிலும் இவள் பெயர். திரையில் இரண்டு ஜன்னல் திறந்திருந்தன, சரி, இரண்டும் நான்தான், நானெல்லாம் ஒரு ஆளா, யாருமில்லை என்று எழுதிவிட்டாள். இப்போது பார்த்தால் இரண்டாவது ஜன்னல் புதியதன் வாசலில் அல்லவா நிற்கிறது... அப்படியென்றால் பழையதற்குள் இருக்கும் இன்னொரு நான் யார்? தன் ஜன்னலை மூடிவிட்டு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து பார்த்தாள். பெயர் போகவில்லை. நாற்பத்தொரு நாளாக உள்ளே இருக்கிறதாம். அன்று இவள் வேலைக்கே வரவில்லையே, தங்கையைக் கல்லூரியில் சேர்க்க வரிசையில் நின்ற நாள்... எங்கிருந்து? பரிசோதனைக் கூடத்துக் கணினி.

"அண்ணா, லேப் கம்ப்யூட்டர் என் பேர்ல உள்ள இருக்கு."

"அதுவா? அன்னைக்கு நீ லீவு, அவங்க கத்துறாங்க, உன் பாஸ்வேர்டுதான் ஞாபகம் வந்துச்சு, போட்டுவிட்டேன். சும்மா தற்காலிகமா."

"நாப்பத்தோரு நாளாவா?"

"மாத்திட்டதா நெனச்சேன்மா. ஏன் எரிஞ்சு விழுற, உன் பேர்தானே, ஊரான் பேரா?"

காது சுட்டது. வீட்டிலும் இதே கூத்து, தம்பியின் பள்ளிப் படிவமா, சித்தப்பாவின் மின் இணைப்பா, படிச்சவ நீதானேடி என்று அம்மா இவள் பெயரைப் போட்டுவிடுவாள், எதற்கெல்லாம் தான் பொறுப்பு என்று இவளுக்கே தெரியாது, யாராவது போன் செய்து திட்டும்போதுதான் தெரியும். நிறுத்தினால் அங்கே ஊசிக் குத்தோடு உட்கார்ந்திருப்பவர்களின் முடிவுகள் அப்படியே தொங்கும், யார் வேலை இது என்று தேடினால் இவள் பெயர் வரும். நிறுத்தாவிட்டால், காலையில் புளுகினாயா என்பார்கள். வேலையை நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று அடுத்த வாரம் முடிவெடுக்கப் போகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடி... அண்ணன் மேல் பாயலாம், பாயத்தான் வேண்டும், ஆனால் காலையில் அந்த வரியைப் பார்த்தது யார், அண்ணனா?

மேலாளர் கதவருகில் வந்து நின்றார். "என்னம்மா, நிறுத்திடலாமா? உள்ள யாரும் இல்லல்ல?"

"ஒருத்தங்க இருக்காங்க சார்."

"காலையில இல்லன்ன! யாரு?"

இவள் திரையைப் பார்த்தாள். பெயர் அப்போதும் அங்கேதான் இருந்தது, கண்ணுக்கு நேராக, எழுத்துப் பிசகாமல். யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ண எப்போது பழகினாள்...