ஐந்தாவது வளைவு

1

பேருந்தைத் தவறவிட்டதால் கிடைத்த கதை இது. உத்திரமேரூரில் காஞ்சிபுரம் வண்டி என் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது. வயிற்றெரிச்சலோடு கடைத்தெருவில் நடந்தபோது அந்தப் பழைய கட்டடம் கண்ணில் பட்டது. ஒரே கூரையின் கீழ் ஐந்து கடைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் காரையில் ஒரு வளைவு. நான்கு வளைவுகளில் நான்கு பெயர்கள் புடைத்து நிற்கின்றன. ஐந்தாவது மொட்டை. அதன் கீழே ஒரு பெண் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெள்ளைக்காரன் காலத்தில், மாகறலிலிருந்து நெல் மூட்டைகளோடு வந்த நான்கு சகோதரர்கள், தங்கள் குலப்பெருமை விளங்க...'

வேண்டாம். கல்வெட்டு மாதிரி இருக்கிறது.

சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணன் தம்பி நால்வர் கட்டினார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல் அடுக்கிய தளம். ஒவ்வொரு கடையும் ரயில் பெட்டி மாதிரி நீளம். கடைத்தெருப் பக்கம் வாடிக்கைக்காரர்களுக்கு உயரமான வாசல். பின்சந்துப் பக்கம் மூட்டை சுமப்பவர்களுக்குக் குனிந்து நுழையும் வாசல். நான்கு வளைவுகளில் நால்வரின் பெயர்கள். ஐந்தாவதைத் திருஷ்டிக்கென்று வெறுமையாக விட்டார்கள். முழுசாக முடித்தால் ஊர்க்கண் படுமாம்.

3

காயில் சுற்றிய பெண்ணுக்குச் சுகிர்தா என்று பெயர் வைத்தேன். பல வருடம் அந்த ஐந்தாவது கடையில் வாடகைக்கு இருந்தாள். போன வருடம், சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவர் விற்றபோது சொந்தமாகவே வாங்கிவிட்டாள். வாங்கியதும் அவளுக்கு ஒரே ஆசை: மொட்டை வளைவில், மற்ற நான்கைப் போலவே, காரையில் தன் பெயர்.

மற்ற நான்கு கடைகளும் மூத்தவரின் பேரன் வேதாசலத்துக்குச் சொந்தம். அவர் சுகிர்தாவின் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்:

"போர்டு வெச்சிக்கோம்மா. லைட்டு போட்டுக்கூட வெச்சிக்கோ. வளைவுல மட்டும் கை வெக்காத. திருஷ்டிக்கு வுட்டது அது."

"அந்தத் திருஷ்டிக்குக் கீழதானே ஐயா இத்தினி வருசமா உக்காந்துகினு கீறேன்? உங்க நாலு கடைக்கு வர்ற கண்ணெல்லாம் என் தலமேலதானே வுழுந்துகினு கீது?"

வேதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, முடியாது என்றார்.

[இவரை வில்லனாக்க முயன்று தோற்றேன். தன் போர்வெல் மோட்டார் எரிந்தால் வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். டீ வாங்கினால் இரண்டாக வாங்குவார். ஆனால் தாத்தா பெயருக்குப் பக்கத்தில், இதே கடைகளுக்கு மூட்டை சுமந்த டேனியலின் மகள் பெயரா? இந்தக் கேள்வியை அவர் தனக்குள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. திருஷ்டி கைவசம் இருந்தது, போதும்.]*

* திரும்பப் படித்தேன். வேதாசலத்துக்கு 'ர்' போட்டிருக்கிறேன், சுகிர்தாவுக்கு 'ள்'. சொந்தக் கடை வைத்திருக்கும் நடுவயதுப் பெண்மணிக்கு! என் பேனாவுக்கும் வெட்கமில்லை. இனி மாற்றிக்கொள்கிறேன்.

4

இந்த இடத்தில் ஒரு காட்சி எழுதினேன். டேனியல் முதுகில் மூட்டையோடு பின்சந்து வாசலில் குனிந்து நுழைகிறார், நிலை தலையில் இடிக்கிறது, ரத்தம்... மகள் அவர் பெயரையே வளைவில் பொறிக்கிறார். வாசகர் கண்ணீர் விடுவார், எனக்கும் நல்ல பெயர்.

சுகிர்தா என்னை விடவில்லை.

"எங்கப்பாவ வெச்சி பரிதாபம் சம்பாதிக்காத. கட வாங்கனது நானு. என் பேர எய்து."

அந்தக் காட்சியை அடித்துவிட்டேன். அவர் சொன்னதுதான் நியாயம்.

5

ஆகவே ஒரு காலை. மேஸ்திரி புருஷோத்தமன் ஏணியில் நிற்கிறார், கையில் கரண்டி, பாண்டு சட்டியில் அரைத்த சுண்ணாம்பு. கீழே சுகிர்தா ஏணியைப் பிடித்திருக்கிறார். 'சு' முடிந்து 'கி' வளையும்போது வேதாசலம் வேட்டியை மடித்துக் கட்டியபடி வருகிறார்.

"மேஸ்திரி, எறங்கு!"

"நீ எறங்காத," என்றார் சுகிர்தா. "கூலி குடுக்கறது நானு."

"இன்னாம்மா இது, சொல்லச் சொல்லக் கேக்காம? முகப்புன்னா ஒண்ணு மொட்டையா இருக்கணும்மா. கட்டனவங்க வெச்ச மொற."

"இருக்கட்டுமே ஐயா. மொறய நான் ஏன் கெடுக்கணும்?" சுகிர்தா ஏணியிலிருந்து கையெடுக்கவில்லை. "இந்த வாட்டி உங்க நாலுல ஒண்ண அழிச்சி மொட்டையா வுடுங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க. மேஸ்திரி இங்கதான் கீறாரு, இப்பவே செதுக்கிடுவாரு."

வேதாசலம் அண்ணாந்து பார்த்தார். முதல் பெயர் தாத்தா. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

மேலே 'ர்' முடிந்தது.

6

இதற்கு மேல் வேதாசலத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏணியின் மறுபக்கத்தை அவரும் பிடித்துக்கொண்டார் என்று எழுதலாம். மனசுக்கு இதமாக இருக்கும், எனக்கு நம்பிக்கையில்லை. ஆட்களைக் கூட்டிவரப் போனார் என்றும் எழுதலாம். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மறுவாரம் வந்து, மேலே பார்க்காமல்...

உங்களிடமே விட்டுவிடுகிறேன். அவரைத் திருத்துங்கள், கோபப்படுத்துங்கள், கோர்ட்டுக்கு அனுப்புங்கள். உங்கள் இஷ்டம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் புருஷோத்தமன் 'தா'வையும் முடித்து இறங்கிவிட்டார். காரை இறுகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரில் மட்டும் இனி நீங்களும் கை வைக்க முடியாது, நானும் வைக்க முடியாது.