பேச்சுக்கு ஆகும் கரண்ட்

தண்ணீர் டம்ளரைப் பிடிக்கும் சோதனையில் அந்த முன்னாள் லாரி டிரைவர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை! அவர் மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன, நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி. அது அனுப்பும் கரண்ட்தான் நடுக்குவாத நோயின் கைநடுக்கத்தைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கரண்டை ஏற்றி இறக்குவதுதான் ஆஸ்பத்திரியில் என் வேலை. போன தடவை தாராளமாகவே இறக்கியிருந்தேன். அப்படியும் டம்ளர் ஆடவில்லை.

"சூப்பர்ப்பா! இப்படியே போனா பேட்டரி இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்."

நான் அப்பா என்று கூப்பிடும் இந்தப் பெரியவருக்கு இதுதான் கடைசிப் பேட்டரி. முன்னால் மாற்றியபோது சீழ் பிடித்து, இதயமும் மக்கர் பண்ணி, இனி அந்த நெஞ்சில் கத்தி வைக்க மாட்டோம் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். இது தீர்ந்தால் வெறும் நடுக்கத்தோடு நிற்காது. உடம்பே விறைத்துவிடும். எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிவிடும்.

"டம்ளரை விடு தம்பி. கொஞ்சம் ஏத்திக் குடு."

"எதுக்குப்பா? கை நல்லாத்தானே இருக்கு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் முழங்காலைத் தட்டினார். அந்த அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வாயால் பேசியதும் இல்லை. அவர் திரும்பியதும் டிரைவர் விரல்களால் ஏதோ சொன்னார். அம்மா நெற்றியைச் சுருக்கினார். மறுபடி சொன்னார். அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"பாத்தியா? டம்ளர் பிடிக்க மொத்தக் கையும் சேந்து ஒழைச்சாப் போதும். பேசறதுக்கு ஒவ்வொரு விரலும் வேணும், அதுங்க இன்னும் லேசா நடுங்குது. நீ எறக்குனதுலேர்ந்து இவகிட்ட உளறிக்கிட்டிருக்கேன். பசிக்குதுன்னு சொன்னா போய்க் கதவைச் சாத்திட்டு வரா."

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்றால், இந்த நோய் முகத்தைப் பலகையாக்கிவிட்டது. உதடு எங்கே அசைகிறது?

"போன்ல டைப் பண்ணிக் காட்டலாமேப்பா?"

"இந்த விரலை வெச்சா? பொண்டாட்டிகூட சண்டை போட யாராச்சும் டைப் பண்ணுவாங்களா? ஒரு வரி முடிக்கறதுக்குள்ள அவ கோவமே ஆறிடும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சண்டைன்னா எப்பவும் அவதான் ஜெயிப்பா. கண்ணை இறுக்கி மூடிக்குவா. அவ்வளவுதான், நமக்கு வாய்ப்பூட்டு."

என் டேப்லெட் திரையில் கரண்டை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். விரல்கள் அடங்கின. கூடவே அவர் நாக்கு குழற ஆரம்பித்தது. அதிகக் கரண்ட் சிலருக்கு இப்படிச் செய்யும்.

"வாய் குழறுதேப்பா, எறக்கவா?"

"கொழறட்டும். அவளுக்குக் கேக்கவா போவுது?"

மனைவி பக்கம் திரும்பினார். அவ்வளவுதான்! லாரியில் கியர் மாற்றுகிற மாதிரி கை வெட்டி வெட்டித் திரும்புகிறது, விரல்கள் மடங்கி விரிகின்றன. அந்த அம்மா தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டுச் சிரித்து அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம் அவரும் ஆரம்பித்தார். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் குறுக்கே பாய்ந்தார். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் நானும் இளித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் யோசனை வந்தது.

"அப்பா! உங்ககிட்ட இருக்கற பேட்டரி ரிமோட்ல ரெண்டு செட்டிங் போட்டுத் தரேன். சாதா நேரத்துக்குக் கம்மி. பேசணும்னா பட்டனைத் தட்டி ஏத்திக்குங்க, முடிச்சதும் எறக்கிடுங்க!"

டிரைவர் அதைக் கையால் மனைவிக்குச் சொன்னார். அந்த அம்மா ஏதோ கேட்டார். டிரைவர் பார்வையை ரிமோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

"என்னப்பா கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்ல. ரிமோட் அழகா இருக்காம்."

அம்மா அவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். ரிமோட்டைக் காட்டினார், புருஷனின் கைகளைக் காட்டினார், அவர் நெஞ்சில் பேட்டரி இருக்கும் இடத்தைத் தொட்டார், பிறகு உள்ளங்கையை விரித்தார். பேசப் பேச இங்கேயிருந்து எவ்வளவு போகும்?

கொஞ்சம்தான் என்று விரலால் காட்டினேன். நம்பவில்லை. டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்று அதில் கோடு போட்டிருந்தது: முன்பு இறக்கியிருந்த அளவுக்கு ஒரு நீளமான பச்சைக் கோடு, இப்போது ஏற்றிய அளவுக்கு அதில் கால்வாசிகூட இல்லாத ஒரு கோடு. அதைப் படிக்க எழுத்து எதற்கு? குட்டைக் கோட்டின் நுனியில் விரலை வைத்து, அங்கிருந்து நீளக் கோட்டின் முடிவுவரை மெதுவாக இழுத்தார்.

பிறகு புருஷனைப் பார்த்துச் சின்னதாக ஏதோ சொன்னார். பழக்கதோஷத்தில் அவர் அதை எனக்கு வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"'நீ இருந்தாப் போதும். பேச வேணாம்.'"

அந்த அம்மா கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏய்," என்றார் டிரைவர். முழங்காலைத் தட்டினார். கைகள் பேச ஆரம்பித்தன. ஒரு விரல் பிசகவில்லை. அப்படி ஒரு தெளிவான கையை நான் இந்த அறையில் பார்த்ததே கிடையாது. பார்க்க நான் ஒருவன்தான் இருந்தேன், எனக்கோ அந்தப் பாஷை தெரியாது.

"கண்ணத் தெறக்கச் சொல்லு தம்பி."

எப்படிச் சொல்வேன்? தோளைத் தொட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது.

கைகள் மெல்ல மெல்ல நின்று மடியில் விழுந்தன.

"எறக்கிடு."

"இன்னிக்கு ஒரு நாள் மட்டுமாவதுப்பா..."

"எறக்குடா. தெறக்க மாட்டா. எத்தனை வருஷமாப் பாக்கறேன்."

இறக்கினேன். கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா துழாவி அவர் கையைப் பிடித்து, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். விரல்கள் மறுபடி லேசாக நடுங்க ஆரம்பித்தது அந்த அம்மாவின் கைக்குத் தெரிந்தது.

அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.