பின்பலகையைத் திறந்தது யார்?

மூட்டுக்கு மூட்டு சிலிகான் பூசி, பின்பலகைக்கு அடியில் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி, உள்ளே பஞ்சு அடைத்து எலக்ட்ரீஷியன் தன் கையாலேயே செய்த ஸ்பீக்கர் பெட்டி அது. அதை மனைவியின் தம்பி இரவல் கேட்டபோதே அவருக்கு மனசு ஒப்பவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் அவன் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான்.

சாயங்காலம் பாட்டுப் போட்டார். கனமான ஓசை வரவேண்டிய இடமெல்லாம் பின்னாலிருந்து ‘புஸ்’ என்று காற்று கசிந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தி விட்டார். காற்று போகாத பெட்டியானால் அது சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். இது துள்ளிக் குதித்து வந்தது.

“உன் தம்பி திறந்திருக்கான். நல்ல ஸ்பீக்கரை உருவிட்டு வேற எதையோ மாட்டியிருக்கான்.”

“அவனுக்கு பல்பு மாட்டவே ஆள் வேணும்,” என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

தம்பியை ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்கு வருகிறவள் இன்று ஏன் குனிந்தே இருக்கிறாள்? அக்காவும் தம்பியும் கூட்டோ? போனை எடுத்து மச்சினனைப் பிடிபிடியென்று பிடித்தார். அவன் பாதியிலேயே வைத்துவிட்டான்.

பின்பலகையைக் கழற்றினார். ஸ்பீக்கர் அவருடையதேதான். ஸ்பாஞ்சுப் பட்டை பிய்ந்து தொங்கியது. பஞ்சைத்தான் காணோம்! திருகாணித் தலைகளில் சின்ன ஸ்க்ரூடிரைவரின் கீறல். தையல் மெஷினுக்கு வைத்திருப்பார்களே, அந்த அளவு.

திரும்பிப் பார்த்தார். மெஷின் நின்றது.

“ஆமா, நான்தான். கழுத்து வலிக்குதே, வயசாகிடுச்சோன்னு பயந்துக்கிட்டிருந்தேன். தலையணையைப் பிரிச்சா பாதிப் பஞ்சு இல்ல! யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நான்தான்னு சொல்றதுக்குள்ள போனைத் தூக்கிட்டீங்க.”

மறுநாள் வேறு பஞ்சு வாங்கிவந்து அடைத்தார். புதுப் பட்டையை அவளே அளவாக வெட்டிக் கொடுத்தாள். கூம்பு மெதுவாகத் திரும்பியது. அதன்பிறகு மச்சினனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, தப்பு என் மேலதான். பெட்டி எப்ப வேணும்னாலும் எடுத்துட்டுப் போ.”

அவன் உடனே உஷாரானான்.

“ஏன் மாமா, புதுசா எதுவும் கெட்டுப்போச்சா? என் தலையில கட்டப் பாக்கறீங்களா?”

எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு ஒரு நண்பனோடு வந்தான். இருவரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் காது வைத்துக் கேட்டார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே அவன் முகம் இன்னும் சுருங்கியது. அக்காவைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கிசுகிசுத்தான்.

எலக்ட்ரீஷியன் பாட்டைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டினார். அவள் சிரிப்பது மட்டும்தான் கேட்டது.