நெஞ்சோடு சேர்த்துத் தூக்கவேண்டும்

நானும் என் மனிசனும் அறை நடுவில் விழுந்து கிடந்தபோது, அவர் முதலில் சொன்னது, "சாரத்தை இழுத்துவிடு, தங்கமுத்து வந்திடுவா" என்பதுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முதுகுக்குள் எங்கேயோ ஒரு பிடி பிடித்து, மூச்சை உள்ளே இழுக்கவும் முடியாமல் சீமெந்துத் தரையில் கிடக்கிறேன். மனிசனுக்கு இடுப்புச் சாரம் விலகினதுதான் கவலை. "நான் இஞ்சை சாகக் கிடக்கிறன், உங்களுக்கு மானமோ பெரிசு?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே சாரத்தை முழங்காலுக்குக் கீழே இழுத்தும் விட்டேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான்.

என் மனிசன் பெயர் தியாகராசா. தொண்டைமானாற்றுக் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். திருத்தினவர் என்று சொல்லவேண்டும், ஆனால் என் வாயில் அது வராது. போன தைப்பொங்கல் முடிந்த கையோடு பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் இழுக்கும், புத்தி மட்டும் பழையபடி. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அவரைக் கட்டிலால் எழுப்பிச் சக்கர நாற்காலியில் இருத்துவதும், பிறகு கட்டிலுக்குக் கொண்டுவருவதும் நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் எழுப்பினேன். பாதி வழியில் முதுகு கைவிட்டது, இரண்டு பேரும் விழுந்தோம்.

தங்கமுத்து அக்கா பக்கத்து வீடு. சத்தம் கேட்டு ஓடிவந்து, தன் பெடியளைக் கூப்பிட்டு எங்களைத் தூக்கிவிட்டா. நல்ல மனிசி. ஆனால் அன்று மத்தியானத்துக்குள் கரை முழுக்கக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

கதை கொழும்புக்கும் போனது. என் மனிசனின் தம்பி கனகசபாபதி அடுத்த நாளே போன் எடுத்தான். "அண்ணி, நான் குறை சொல்லேல்லை. ஆனா உங்களால ஏலாது. எங்கட வீட்டுக்குக் கிட்ட ஆம்பிளையளை மட்டும் பாக்கிற ஒரு இடம் இருக்கு. தூக்கி வைக்க ஆக்கள் நிக்கிறாங்கள். அண்ணையை அங்கை விடுவம்."

"அப்ப நான்?"

"நீங்கள் இடைக்கிடை வந்து பாக்கலாம் தானே."

இடைக்கிடை வந்து பார்ப்பதற்கு அவர் என்ன கோவில் திருவிழாவோ? நான் போனிலேயே கிழி கிழியென்று கிழித்தேன். அவன் பாவம், அண்ணையில் உயிர். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தான். புரட்டாதி முடிய வருவான். தன் கண் முன்னால் நான் அண்ணையைப் பத்திரமாக எழுப்பி நாற்காலியில் இருத்திக் காட்டினால் அவர் இங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் வாடகை வானில் அவரைக் கூட்டிக்கொண்டு போவான். போனை வைத்த பிறகு குசினிக்குள் போய் அழுதேன். அவர் இல்லாத அந்த வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. சண்டை பிடிக்கக்கூட ஆள் வேண்டாமோ?

ஆஸ்பத்திரியால் ஒரு பெட்டையை அனுப்பினார்கள். பெயர் நிரோஜா. அச்சுவேலியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து, விழுந்த உடம்புகளை எழுப்புகிற படிப்பாம். கல்யாணம் ஆகாத சின்னப் பெட்டை. வந்ததும் வராததுமாக, "அன்ரி, அங்கிளை எப்பிடித் தூக்கினனீங்கள்? வெறுங்கையால செய்து காட்டுங்கோ" என்றாள்.

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இடுப்பை வளைத்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு ஆள் படுத்து எழும்பலாம் போலக் கிடக்கு. பாரம் தள்ளி இருந்தா முதுகுதான் இழுக்கும். கிட்ட இருந்தாக் காலும் இடுப்பும் தூக்கும். இனி நான் சொல்லுறமட்டும் அங்கிளைத் தூக்கக்கூடாது. முதல் உங்கட உடம்பைத் தயார் பண்ணுவம்."

அதுவரை தங்கமுத்து அக்காவின் பெடியள் காலையும் பின்னேரமும் வந்து அவரை இருத்திவிட்டுப் போனார்கள்.

முதல் கிழமை பாரமே இல்லை. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை மட்டும் உயர்த்துவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கை ஊன்றாமல் கதிரையில் உட்காருவதும் எழும்புவதும். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்து, அவள் போன பிறகு பெயின்ற் வாளி நிறைய மண்ணை அள்ளித் தூக்கிப் பார்த்தேன். அடுத்த நாள் குனியவும் ஏலாது நிமிரவும் ஏலாது. நிரோஜா வந்து ஏசினாள். "அலுப்பு வேறை, உள்ளுக்கை குத்துற நோ வேறை அன்ரி. அலுப்பு வரலாம். நோ வந்தா அந்த இடத்தில நிப்பாட்டவேணும். ஒரு நாள் செய்தா அடுத்த நாள் விடவேணும், தசை அப்பதான் ஊறும்." என்னை ஏச இந்த ஊரில் ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

பிறகு தண்ணீர்ப் போத்தல். பிறகு தங்கமுத்து அக்கா வீட்டுப் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் அரிசி. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையால் எழும்ப வேண்டும். எழும்பும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக்கூடாது. திரும்புவதென்றால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைக் கூட்டினோம். தங்கமுத்து அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மீனா, போட்டிக்கோ போகப்போறாய்?" என்பா. "ஓம் அக்கா, உங்களைத் தூக்கி ஆத்துக்குள்ள போடத்தான் பழகிறன்" என்பேன்.

என் மனிசனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. கட்டிலில் சாய்ந்துகொண்டு அவரும் ஒரு வாத்தியார்.

"முழங்காலை மடி. முதுகை வளையாதை. நான் எஞ்சினைப் படகால இறக்கிக் கொண்டுவாறது பாத்தனி தானே? நெஞ்சோடை கட்டிப் பிடிச்சுக்கொண்டுதான் தண்ணிக்குள்ளால நடப்பன்."

"பாத்தனான், பாத்தனான். எஞ்சினைக் கட்டிப் பிடிச்ச அளவுக்கு என்னைக் கட்டிப் பிடிச்சிருந்தா எனக்கு இப்ப பழக்கமாவது இருந்திருக்கும்."

மனிசன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். காது சிவந்திருந்தது. நானும் சொல்லிவிட்டு வெட்கத்தில் குசினிக்குள் போய்விட்டேன். சொன்னது பொய்யில்லை. என்னில் அவருக்குக் குறையாத அன்பு. மீன் பொரித்தால் நடுத்துண்டை என் சோற்றுக் கோப்பைக்குள் தள்ளிவிடுவார். எனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் வாசலில் குந்தியிருப்பார். ஆனால் பகல் வெளிச்சத்தில் தொட மாட்டார். சந்நிதி கோவிலுக்குப் போனால் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் நடப்பேன். வீட்டுக்குள் ஒரு காகம் எட்டிப் பார்த்தாலும் விலகி நிற்கிற ஆட்கள் நாங்கள்.

இதுதான் கடைசியில் காலை வாரியது.

ஆவணியில் நிரோஜா, "இனி அங்கிளைத் தூக்கலாம்" என்றாள். அவர் இடுப்பில் கைபிடி வைத்த ஓர் அகலமான பட்டியைக் கட்டினாள். நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்து, அவருடைய நல்ல பக்கம், வலப்பக்கத்தில் வைத்து, பிறேக்கைப் போட்டாள். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி, முன்னுக்குச் சாய வேண்டும். நான் அவருடைய விழுந்த காலின் முழங்காலை என் முழங்கால்களால் அணைகொடுத்து, பட்டியைப் பிடித்து, நெஞ்சோடு நெஞ்சாக எழுப்ப வேண்டும். அவர் என் கழுத்தில் தொங்கக்கூடாது. நல்ல கையால் என் முதுகைச் சுற்றிப் பிடிக்க வேண்டும்.

"இன்னும் கிட்டப் போங்கோ அன்ரி. இன்னும். அங்கிள், கையை வையுங்கோ. முதுகில. அது கை வைக்கிறதில்லை அங்கிள், ஈ இருக்கிற மாதிரிக் கிடக்கு."

அவர் என் தோளுக்கு மேலால், யன்னலுக்கு வெளியே நின்ற பாக்குமரத்தைப் பார்த்தார். நான் அவர் காதுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். எங்களுக்கிடையில் ஒரு முழம் இடைவெளி. அரிசிப் பையை அணைக்கத் தெரிந்த எனக்கு என் மனிசனை அணைக்க முடியவில்லை, ஒரு சின்னப் பெட்டை பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதற்காக. கடைசியில் நானே சொன்னேன். "பிள்ளை, நீ ஒருக்கால் அந்தப் பக்கம் திரும்பி நில்."

அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு விளங்கியது. சத்தம் போடாமல் திரும்பி நின்றாள். அப்போது எழுப்பினேன். முதுகு ஒரு சொல் சொல்லவில்லை. இருத்தின பிறகு, "முடிஞ்சுதோ? இனித் திரும்பலாமோ?" என்று கேட்டாள் கள்ளி.

அதற்குப் பிறகு அப்படியே பழகினோம், அவள் கதவுக்கு வெளியே நிற்பாள், அல்லது முற்றத்தைப் பார்ப்பாள். ஆனால் போகும்போது ஒரு நாள் சொன்னாள், "அன்ரி, அங்கிளின்ரை தம்பி வரேக்கை அவரையும் திரும்பி நிக்கச் சொல்லேலாது."

சொன்ன நாளில் கனகசபாபதி வந்தான். வான் படலைக்கு வெளியே நின்றது. அண்ணையின் உடுப்புகளுக்கு ஒரு புதுப் பையும் கொண்டுவந்திருந்தான். அவனோடு நிரோஜா. முருங்கையிலை தருகிற சாட்டில் தங்கமுத்து அக்காவும் வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டா. போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டியைக் கட்டினேன். பிறேக்கைப் போட்டேன். முழங்காலை மடித்தேன். கை, கால், இடுப்பு எல்லாம் தயார். ஆனால் எல்லோருடைய கண்களும் என் மேல் ஊர்ந்தன. அவருடைய கை என் முதுகில் தொட்டும் தொடாமலும் இருந்தது. தள்ளி நின்றபடியே "எழும்புவம்" என்று இழுத்தேன். பாதி எழும்பியபோது அவருடைய இடக்கால் மடிந்தது. என் முதுகு பழைய இடத்தில் சுள்ளென்றது. நிரோஜா பாய்ந்து பட்டியைப் பிடித்து அவரைக் கட்டிலில் இருத்தினாள்.

கனகசபாபதி கண்ணைத் துடைத்தான்.

"போதும் அண்ணி. நீங்கள் எவ்வளவு பாடுபட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியுது. போதும்."

அவன் அந்தப் புதுப் பையைக் கையில் எடுத்தான். என் மனிசன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கண்ணில் பயத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாரிசவாதம் வந்த அன்றுகூட அவர் பயப்படவில்லை. மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "இஞ்சேர், என்னை எஞ்சின் எண்டு நினைச்சுக்கொண்டு தூக்கு" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. நல்ல கோபம். என் கூச்சத்திலும் கோபம், அவர் கூச்சத்திலும் கோபம், இவ்வளவு வருசமாக அந்த வீட்டுக்குள் விலகி விலகி நடந்ததிலும் கோபம்.

"எஞ்சினோ? என்ரை மனிசன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "சபாபதி, பையை வை. நிரோஜா, நீ நேரே பார். அக்கா, நீங்களும் வடிவாப் பாருங்கோ, பிறகு கரையில சொல்லேக்கை பிழை வரக்கூடாது. இஞ்சேருங்கோ, கையை முதுகில வையுங்கோ. வடிவா."

வைத்தார். ஈ இருப்பது போல அல்ல. எஞ்சின் தூக்கின கை, அந்தப் பலம் அதில் இன்னும் இருந்தது. நான் அவருடைய முழங்காலை அணைத்து, நெஞ்சோடு நெஞ்சைச் சேர்த்து, மூச்சை விட்டுக்கொண்டு எழும்பினேன். அவரும் எழும்பினார்.

நின்றோம்.

அவர் என்னைவிட உயரம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அவரைக் குனிந்து குனிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழகின நாட்களிலும் எழுப்பின கையோடு இருத்திவிடுவேன், முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது என் காது அவருடைய நெஞ்சில் இருந்தது, முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் பாக்குமரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது. முதுகில் இருந்த கை பிடியைத் தளர்த்தாமல் பெருவிரலால் மட்டும் மெல்லத் தடவியது. அது நிரோஜா சொல்லிக் கொடுத்ததில் இல்லை.

கனகசபாபதி பையைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனான். வான்காரனை வெறும் வானோடு போகச் சொல்லி அவன் அனுப்புவது கேட்டது. வான் புறப்படுகிற சத்தமும் கேட்டது. தங்கமுத்து அக்கா முருங்கையிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தா.

"அன்ரி," என்றாள் நிரோஜா, "நல்லாச் செய்தனீங்கள். இனிக் காலை எடுத்து வைச்சுத் திரும்பி இருத்துங்கோ."

"இருத்துறன் பிள்ளை," என்றேன். "என்ரை முதுகு நோகேல்லை. இப்ப என்ன அவசரம்."