முன்பலகைப் பாரம்

என் அண்ணனின் படகுக்கு மூக்கைத் தூக்கும் வியாதி. வேகம் எடுத்தால் போதும், முன்பக்கம் எகிறும், தொப்பென்று விழும், மறுபடி எகிறும். சின்ன மரப்படகு, எங்கள் இருவரையும் விட வயதில் மூத்தது. வார்னிஷ் போட்டுப் போட்டு முகம் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறான். ஆனால் மோட்டார் பின்னால், பெட்ரோல் டேங்க் பின்னால், மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற அவனும் பின்னால். அவன் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. முன்னால் யாராவது உட்கார்ந்தால்தான் படகு மட்டமாக ஓடும். அந்த யாராவது நான்தான்.

புருஷனை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே என்னை முன்பலகையில் உட்கார வைத்துவிட்டான். அதோடு என் பெயரும் மாறிப்போனது. "பாரம் வந்தாச்சா?" என்று படகுத்துறையே கேட்கும். அவர்கள் பாஷையில் அது வெறும் எடை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் காதில் எப்படி விழும் என்பது அந்த மரமண்டைகள் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. தலைவலி என்று ஒருநாள் படுத்துப் பார்த்தேன். "படகுல உக்காந்தே வலிக்கட்டும், வா" என்றான் அண்ணன்.

போன வருஷம் ஒரு வேலை வந்தது. படகுப் போட்டி முடியட்டும் என்றான். போட்டி முடிந்தது, வேலையும் போனது. இப்போது வெளியூர்க் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தீட்டும் வேலை, தங்க ஓர் அறையோடு. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"அண்ணா, ஒரு வேலை வந்திருக்கு. வெளியூர்ல..."

"போட்டி வருது. நீ இல்லாம படகு எப்படி ஓடும்?" என்று குழம்பை ஊற்றிக்கொண்டான்.

அண்ணி என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போனதும் படகுத்துறை மெக்கானிக்கின் கொட்டகைக்குப் போனேன். அவர் அண்ணனின் கூட்டாளி.

"நான் இல்லாம அந்தப் படகு ஓடணும். என்ன பண்ணணும்?"

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? பின்பக்க அடியில ரெண்டு ஆப்பு வெச்சா பின்பக்கம் தூக்கும், மூக்கு தானா இறங்கும். டேங்கை முன்னாடி தள்ளிடலாம். கைப்பிடியில நீளமா ஒரு குழாயை மாட்டினா, அவன் நடுவுல உக்காந்தே ஓட்டலாம்."

படகைக் கவிழ்த்துப் போட்டோம். மரத்துண்டைச் சாய்வாகச் சீவி, பசை தடவி, திருகாணி போட்டோம். அண்ணனுக்கு ஆப்பு வைத்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

"இதை நான் எப்பவோ அவன்கிட்ட சொன்னேன், நீ வந்த புதுசுல. வேண்டாம்னுட்டான்" என்றார் மெக்கானிக்.

"ஏன்?"

"'படகைச் சரி பண்ணிட்டா அவ ரூமை விட்டு வெளிய வரமாட்டா'ன்னான்."

அந்த நாட்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது உண்மைதான். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கதவைத் திறந்தான், சரி. திறந்தவன் வாசலை அடைத்துக்கொண்டே நின்றால் நான் எப்படி வெளியே போவது? மீதித் திருகாணிகளை நானே முடுக்கினேன்.

சாயங்காலம் வந்து ஆப்பையும், முன்னால் போன டேங்கையும், நீளக் குழாயையும் பார்த்தவன் குதித்தான். "யாரைக் கேட்டு என் படகுல கை வெச்ச?"

"ஓட்டிப் பாத்துட்டுத் திட்டு" என்றார் மெக்கானிக்.

தனியாகப் போனான். படகு எகிறவே இல்லை. அவன் இத்தனை வருஷம் ஆசைப்பட்ட மாதிரி மட்டமாக, முன்னைவிட வேகமாக ஓடியது. திருப்பத்தில்கூடச் சறுக்கவில்லை. மெக்கானிக் விசிலடித்தார். கரைக்கு வந்த அண்ணன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"ஏறு" என்றான் என்னிடம்.

"நான் எதுக்கு? அதான் நல்லா ஓடுதே."

"ஏறுன்னா ஏறு."

ஏறினேன். என் கால்களுக்கு அந்தப் பலகை அவ்வளவு பழகிப்போயிருந்தது. அதை நினைத்தாலே எனக்கு என் மேல்தான் ஆத்திரம். அவன் வேகம் எடுத்தான். இப்போது மூக்கு எகிறவில்லை, புதைந்தது. தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி என் மேல் விழுந்தது.

"அண்ணா, குறை! கவுந்துரும்!"

அவன் இன்னும் முறுக்கினான். அடுத்த அலை காலடியில் குளமாக நின்றது. அப்புறம்தான் மோட்டாரை நிறுத்தினான். நடுத்தண்ணீரில் இருவரும் தொப்பலாக உட்கார்ந்திருந்தோம்.

"ஆப்பைக் கழட்டிடலாம்" என்றான்.

"கழட்டினா இங்கிருந்தே நீந்திப் போயிடுவேன்."

"உனக்கு நீச்சல் தெரியாதுடி."

"தெரியாதுதான். அப்பவும் போவேன்."

அவன் என்னையே பார்த்தான். வாளியை எடுத்து என் காலடித் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினான். நான் வாங்கப் போனேன், தரவில்லை. கடைசி வாளியையும் அவனே ஊற்றினான்.

"வேலை எந்த ஊர்லன்னு சொன்ன?" என்று கேட்டான்.

நான் சொல்லியிருக்கவில்லை. சொல்ல அவன் விட்டதே இல்லை.