ஜீப்புக்குள் வந்த குரல்

குருவம்மாள் உயிரோடு இருந்தவரை மாரீஸ்வரனின் ஜீப்பில் பாட்டுப் பெட்டி தேவைப்படவில்லை. வண்டி ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் வாய் ஓயாது. யாரையாவது கேலி பண்ணுவாள், யார் குரலிலாவது பேசிக் காட்டுவாள், திடீரென்று பாடுவாள். ஆடி மழையில் அவள் வீட்டுச் சுவர் அவள் மேலேயே விழுந்தது. அதன்பிறகு ஜீப்பில் யாரும் பேசவில்லை.

கேரளத்தில் வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட் அது. கீழே எஸ்டேட் வரிசையாக ஒட்டிக் கட்டிக்கொடுத்த தொழிலாளர் வீடுகள்; லயம் என்பார்கள். குருவம்மாள் வீடும் அதில் ஒன்று. அங்கிருந்து கொழுந்தெடுக்கும் பெண்களைக் காலையில் மலைமேல் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது மாரீஸ்வரனின் வேலை. ஜீப் அவனுடையது, ஓட்டம் எஸ்டேட் கொடுத்தது. அவனும், அதே ஜீப்பில் கொழுந்தெடுக்கப் போகும் மனைவி ஆனந்தியும் குடியிருந்ததும் ஒரு லயத்து வீட்டில்தான்.

செத்துப்போன குருவம்மாளின் அக்கா சின்னத்தாய் தினமும் அவனுக்கு நேர் பின்னால் உட்காருவாள். தங்கை விட்டுப்போன பெண்பிள்ளையை அவள்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம்தான் தெரியும். அந்த முகத்தையும் அந்த மௌனத்தையும் சுமந்துகொண்டு மேட்டில் வண்டி ஓட்டுவது மாரீஸ்வரனுக்குப் பெரிய பாரமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஜிஜியின் கடைக்கு ஓட்டிப் போனான்.

ஜிஜி வண்டிகளுக்கு ஹாரன், ஸ்பீக்கர் மாட்டுகிறவன். ஜீப்பில் இருந்த பழைய கேசட் செட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான்.

"கேசட் போடுற எடம் செத்துப்போச்சு. ஆனா உள்ள ஆம்ப்ளிஃபயர் இப்பவும் கிண்ணுனு இருக்கு. புதுசு எதுக்குண்ணே? இதுக்குள்ளயே ஒரு சின்ன புளூடூத் போர்டு வச்சுத் தாரேன். போன்ல பாட்டுப் போட்டா இதுல கேக்கும்."

கேசட்டின் ஒலி போகும் ஒயரை வெட்டி, அந்த இடத்தில் போர்டின் ஒயரைப் பற்ற வைத்தான். சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி இன்னொரு ஒயரை இழுத்தான். டேஷ்போர்டு மூலையில் பட்டாணி அளவுக்கு ஒரு மைக்கை ஒட்டினான்.

"போன் வந்தாலும் ஸ்பீக்கர்லயே பேசலாம்ணே."

"எனக்கு யாருப்பா பேசப் போறா? பாட்டு கேட்டாப் போதும்" என்றான் மாரீஸ்வரன்.

மறுநாள் பெண்கள் ஏறியதும் பாட்டுப் போட்டான். அவன் போன் பழசு. பாதி வழியில் திக்கித் திக்கி நின்றுவிட்டது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் ஏசுதாஸ் தன் போனை எடுத்தார். புதுப் போன். நிறையப் பாட்டு இறக்கி வைத்திருந்தார். அன்றைக்கே அதை செட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதன்பிறகு ஏசுதாஸ் வண்டியில் ஏறினாலே அவர் போன் தானாகப் போய் செட்டைப் பிடித்துக்கொள்ளும். பெண்கள் மறுபடி வாய் திறந்தார்கள். இந்தப் பாட்டு வேண்டாம் அந்தப் பாட்டைப் போடு என்று சண்டை பிடித்தார்கள். சின்னத்தாய்கூட ஒரு நாள், "கொஞ்சம் சத்தமா வை தம்பி" என்றாள். மாரீஸ்வரனுக்கு அன்றைக்கெல்லாம் மனசு லேசாக இருந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலை. மேல் டிவிஷன் ஏற்றத்தில் பாட்டு பட்டென்று நின்றது. ஏசுதாஸின் போன் அடித்தது. அவர் பட்டனை அமுக்கிக் காதில் வைத்துக்கொண்டார். "சொல்லுங்க சார்" என்றார். காதில் ஒன்றும் கேட்கவில்லை. குரல் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது.

"ஏசுதாசே, நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வரும். சுவர் விரிசல் விட்ட காரியம் செத்துப்போன அந்தப் பொண்ணு உங்கிட்ட வந்து சொன்னதை நீ பறயண்டா, சொல்லக் கூடாது, கேட்டோ?"

மலையாளம் கலந்த தமிழ், மானேஜரின் குரல். எஸ்டேட்டில் அந்தக் குரலை அறியாதவர் யாரும் இல்லை.

ஏசுதாஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "சார், சார், நான் அப்புறம்..." என்றார். மறுமுனையில் மானேஜர் அதைக் காதில் வாங்கவில்லை.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நாம மே மாசமே சொல்லியாச்சு, அவங்கதான் கேக்கலைனு சொல்லணும். அவ அக்காவையும் பறஞ்சு சம்மதிக்க வைக்கணும். அந்தக் கொச்சுப் பொண்ணுக்கு நல்ல ஸ்கூல் பார்த்துத் தரலாம்னு சொல்லு."

"ஆஃப் பண்ணு! மாரீசு, அதை ஆஃப் பண்ணு!" என்று கத்தினார் ஏசுதாஸ். அவர் விரல் போனில் எதைஎதையோ அமுக்கியது. மாரீஸ்வரனின் கை செட்டின் குமிழில்தான் இருந்தது. ஒரு திருகு திருகியிருந்தால் போதும். அவன் கண்ணாடியில் சின்னத்தாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை அசையவில்லை. கடைசியில் ஏசுதாஸ் போனையே அணைத்தார்.

ஜீப் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது.

"சூப்பர்வைசரே" என்றாள் சின்னத்தாய். "என் தங்கச்சி உங்ககிட்ட வந்து சொன்னாளா?"

"அது வேற ஏதோ பேச்சு. உனக்குச் சரியாக் கேக்கல."

"சுவர்ல கை போற அளவுக்கு வெடிச்சிருக்குன்னு சொன்னாளா இல்லையா?"

அவர் வெளியே பார்த்தார்.

"வண்டிய நிறுத்து தம்பி."

நிறுத்தினான். அவள் இறங்கி, கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கீழே லயத்தைப் பார்த்து நடந்தாள். வேறு யாரும் இறங்கவில்லை. ஆனந்தியும் இறங்கவில்லை.

சாயங்காலம் அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆனந்தி கேட்டாள்.

"நாளைக்கு உன்னையும் கூப்பிடுவாங்களாமே. என்ன சொல்லப் போற?"

"கேட்டதச் சொல்லணும்ல."

"சொல்லிட்டு? இந்த வீட்ட விட்டு எங்க போவ? வண்டி ஓட்டத்துக்கு எங்க போவ?"

"நீயும்தான கேட்ட ஆனந்தி."

"கேட்டேன். குருவம்மா எனக்கும் அக்கா மாதிரிதான். செத்தவ எந்திரிச்சு வரப்போறாளா?" சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள். அழுதது அவனுக்குத் தெரிந்தது. அவன் எழுந்துபோய் வெளியே நின்றான்.

விசாரணை எஸ்டேட் ஆபீசில் நடந்தது. வந்திருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார். சின்னத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப்பில் கேட்டதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள், அது மானேஜர் குரல்தான் என்றும் சொன்னாள். "வண்டில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு சார். யாரை வேணாலும் கேளுங்க."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருத்திக்கு இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. ஒருத்தி தூங்கிவிட்டாள். ஒருத்திக்கு மலையாளம் தெரியாதாம். அவள் அந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். ஆனந்தி, "நான் பின்னால கடைசில உக்காந்திருந்தேன் சார்" என்றாள். பின்னால் கடைசியில்தான் ஸ்பீக்கர் இருந்தது.

மாரீஸ்வரன் போனபோது மானேஜர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னத்தாய் சுவரோரம் நின்றாள்.

"உங்க வண்டியில அன்னைக்கு போன் பேச்சு ஸ்பீக்கர்ல கேட்டுதா?" என்றார் அதிகாரி.

"கேட்டுது சார்."

சின்னத்தாய் நிமிர்ந்தாள்.

"என்ன பேசினாங்க?"

"சுவரு வெடிச்சதப் பத்தி... சொல்லக் கூடாதுன்னு."

"பேசினது யாரு?"

ஜன்னல் ஓரம் நாற்காலி கிறீச்சிட்டது. மாரீஸ்வரன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சின்னத்தாய் பக்கமும் திரும்பவில்லை. தரையைப் பார்த்தான்.

"குரல் யாருதுன்னு தெரியல சார்."

"தெரியலையா, இல்ல..."

"தெரியல சார்."

ஏசுதாஸ் தன் முறை வந்தபோது, அது தன் ஒன்றுவிட்ட தம்பி, வேறு ஊரில் வேறு சுவரைப் பற்றிப் பேசினான் என்றார். அதிகாரி சின்னத்தாயைப் பார்த்து, "சாட்சி வேணும்மா. குரல் யாருதுன்னு உங்களத் தவிர இன்னும் ஒருத்தராவது சொல்லணும்" என்றார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். காலி பண்ணச் சொல்லியும் காலி பண்ணாத வீட்டில் நடந்த விபத்து என்று விசாரணை முடிந்தது.

பாதி உண்மை சொன்னதற்கு மாரீஸ்வரனுக்கு முழுத் தண்டனை கிடைத்தது. அடுத்த வாரமே எஸ்டேட் வேறொரு ஜீப்பை அமர்த்திக்கொண்டது. ஆனந்தி பெயரில் இருந்ததால் வீட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். காலையில் புது ஜீப் வந்து ஹாரன் அடிக்கும். ஆனந்தி கூடையை எடுத்துக்கொண்டு அவனிடம் ஒன்றும் சொல்லாமல் போவாள். அவன் குமுளிக்குப் போய், தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்து நின்றான்.

ஒரு நாள் வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டில் சின்னத்தாயைப் பார்த்தான். இரண்டு மூட்டை, ஒரு தகரப் பெட்டி. பக்கத்தில் குருவம்மாளின் மகள் இந்து, பள்ளிக்கூடப் பையோடு நின்றாள். எஸ்டேட்டை விட்டு, கம்பத்தில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கே போகிறார்கள் என்று மூட்டைகளைப் பார்த்ததுமே தெரிந்தது.

"அக்கா, நான் குமுளி வரைக்கும் போறேன். ஏறுங்க. சாமான நான் எடுத்து வைக்கிறேன்."

சின்னத்தாய் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"வேண்டாம் தம்பி, பஸ் வந்துரும்."

"அக்கா, நான் அன்னைக்கு..."

"மத்தவளுக எல்லாரும் கேக்கலைன்னு சொன்னாளுக. பயம், எனக்குப் புரியுது. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னமோ" என்றாள். "நீ கேட்டுதுன்னு சொன்ன பாரு, அப்ப எனக்கு உசுரு வந்துச்சு. அதுக்கப்புறம் நீ சொன்னதத்தான் என்னால தாங்க முடியல."

கம்பம் பஸ் வந்து நின்றது. அவன் தகரப் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். அதற்குள் இந்து ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். சின்னத்தாய் மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முண்டியடித்து ஏறினார்கள்.